ஒரே மெட்டில் இரண்டு பேர்: 'லே மிஸ்' கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு

'லே மிசெராப்ள்' மேடை நாடகத்தின் பதிவை முதல் முறை போட்டுக் கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. காசு கொடு என்பதையும் பாடுகிறார்கள், கதவைத் திற என்பதையும் பாடுகிறார்கள், கைது செய்கிறேன் என்பதையும் பாடுகிறார்கள். ஒரு வார்த்தையாவது சாதாரணமாகப் பேசித் தொலைக்கக் கூடாதா என்று இருபது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன்.

ஆறேழு மாதம் கழித்து ஓர் இரவு பஸ் பயணம். போனில் வேறு எதுவும் இல்லை. மறுபடி அதையே போட்டேன். நாடகம் முடியப்போகிற நேரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி தனியாக நின்று பாடுகிறார். இதை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று உறுத்தியது. பின்னால் தள்ளித் தள்ளிப் போய்த் தேடினேன். ஆரம்பக் காட்சிகளிலேயே அதே மெட்டு இருந்தது. அங்கே அதைப் பாடியவர் அந்த அதிகாரி வாழ்நாள் முழுக்கத் துரத்திக்கொண்டிருந்த கைதி. பஸ் ஏதோ ஊரில் டீக்கு நின்றது, நான் இறங்கவில்லை. இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரிய நாவல் மேடைப் பாட்டாக மாறும்போது என்ன நடக்கிறது என்பதை இந்த ஒரு மெட்டை வைத்தே சொல்லிவிடலாம். அதைத்தான் செய்யப்போகிறேன். இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். எனக்கும் தெரியாது.

முதலில் மியூசிக்கல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பாட்டும் நடிப்பும் சேர்ந்து கதை சொல்கிற மேடை நாடகம். நம் சினிமாவிலும் பாட்டு உண்டுதானே என்று கேட்கலாம். நம் சினிமாவில் பெரும்பாலும் கதை கொஞ்சம் நின்று, பாட்டு முடிந்ததும் மறுபடி நடக்கும். பாட்டு ஓடும்போது வெளியே போய்விட்டு வந்தாலும் கதை புரியும். மியூசிக்கலில் அப்படிப் போய்வர முடியாது. ஒருவர் ஒரு முடிவை எடுப்பது பாட்டுக்குள்ளேயே நடந்துவிடும். பாட்டுத் தொடங்கும்போது இருந்த ஆள் வேறு, முடியும்போது இருக்கிற ஆள் வேறு. இதில் இரண்டு வகை உண்டு. வசனமும் பாட்டும் மாறி மாறி வருவது ஒன்று. கிட்டத்தட்ட முழுவதும் பாட்டாகவே போவது இன்னொன்று. 'லே மிஸ்' இரண்டாவது வகை. என் எரிச்சலுக்குக் காரணமும் அதுதான், பிற்பாடு பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுதான்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ழான் வால்ழான் என்ற ஏழை ஒரு ரொட்டியைத் திருடியதற்காக ஐந்து வருடத் தண்டனை பெறுகிறான். தப்பிக்க முயன்று முயன்று அது பத்தொன்பது வருடமாகிறது. விடுதலையானபின் யாரும் அவனைச் சேர்க்கவில்லை. ஒரு பாதிரியார் மட்டும் வீட்டுக்குள் அழைத்துச் சாப்பாடு போடுகிறார். அவருடைய வெள்ளிப் பாத்திரங்களையே திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீஸ் பிடித்துக்கொண்டு வர, பாதிரியாரோ, "அது நான் கொடுத்ததுதான், இந்த வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?" என்று அவற்றையும் கையில் கொடுக்கிறார். வால்ழான் பெயரை மாற்றிக்கொண்டு நல்ல மனிதனாக வாழத் தொடங்குகிறான். சட்டத்தைத் தவிர எதையும் நம்பாத ழாவேர் என்ற அதிகாரி அவனைத் தேடிக்கொண்டே இருக்கிறார். இடையில் ஃபான்தீன் என்ற தொழிலாளிப் பெண் வேலை போய், தெருவுக்கு வந்து சாகிறாள். அவள் மகள் கோசெத்தை வால்ழான் வளர்க்கிறான். கடைசியில் எல்லாரும் 1832 ஜூனில் பாரிஸ் தெருவில் எழுந்த ஒரு தடுப்பரணில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அது 1789 பிரெஞ்சுப் புரட்சி என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. லமார்க் என்ற தளபதி காலராவில் இறந்து, ஜூன் 5 அன்று அவருடைய இறுதி ஊர்வலத்தில் வெடித்து, மறுநாளே அடக்கப்பட்ட சின்னக் கிளர்ச்சி அது. இந்தக் கதையை நாவலாக எழுதிய விக்டர் ஹ்யூகோ அன்று பாரிஸ் தெருவில் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்.

அந்த ஹ்யூகோ, நாடு கடந்து கெர்ன்சி தீவில் இருந்த காலத்தில் முடித்து, 1862இல் வெளிவந்தது நாவல். சுருக்காத பதிப்பு எதை எடுத்தாலும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். பாதிரியாரைப் பற்றி மட்டும் பதினான்கு அத்தியாயம் படித்தபிறகுதான் வால்ழானே உள்ளே வருகிறான். வாட்டர்லூ போருக்கு ஒரு பகுதி முழுக்க, பத்தொன்பது அத்தியாயம். அதில் கதைக்கு வேண்டிய சம்பவம் கடைசியில்தான் வருகிறது: தெனார்தியே என்ற திருடன் பிணங்களின் பையைத் துழாவுகிறான். பாரிஸ் சாக்கடைகளின் வரலாறும் உண்டு. இவ்வளவு நல்ல உரத்தை ஆற்றில் விட்டுக் கடலுக்கு அனுப்புகிறோமே என்று ஹ்யூகோ ஆதங்கப்படுகிறார். எனக்கு அந்தச் சாக்கடை அத்தியாயங்கள் ரொம்பப் பிடிக்கும். நாடகத்தில் அவை ஒரு சில நிமிடம்.

இதைச் சத்தமாகப் படித்தால் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாடகம் இடைவேளையோடு சேர்த்து மூன்று மணி நேரத்துக்குள். அப்படியென்றால் வெட்டித் தள்ளுவதுதான் முக்கிய வேலை என்று தோன்றும். வெட்டுவது யாராலும் முடியும். வெட்டிய இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் சிரமம். நாவலில் ஹ்யூகோ கூடவே நடந்து வருகிறார். இவன் யார் தெரிகிறதா, அன்றைக்கு அங்கே பார்த்தோமே அவன்தான், இவனுக்கும் அவனுக்கும் என்ன ஒற்றுமை பாருங்கள் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறார். மேடையில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அந்த வேலையை மெட்டு எடுத்துக்கொள்கிறது.

சரி, இப்போது அந்தப் பஸ் பாட்டுக்கு வருவோம்.

பாதிரியார் மெழுகுவர்த்தித் தண்டுகளைக் கொடுத்துவிட்டுப் போனபின் வால்ழான் தனியாக நிற்கிறான். அவனுக்குச் சந்தோஷம் இல்லை, கோபம்தான். பத்தொன்பது வருடமாக உலகத்தை வெறுக்கப் பழகிவிட்டவனிடம் ஒருவர் அன்பாக நடந்தால், அவன் கட்டிவைத்திருந்த கணக்கு எல்லாம் தப்பாகிவிடுகிறது. தன்னைத்தானே திட்டுகிறான், கத்துகிறான், குழம்புகிறான். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து ழாவேர் அதே இடத்துக்கு வருகிறார். தடுப்பரணில் கிளர்ச்சிக்காரர்கள் அவரை உளவாளி என்று பிடித்துக் கட்டிவைக்கிறார்கள். கொல்லும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்ட வால்ழான், கயிற்றை அறுத்து அவரை ஓட விட்டுவிடுகிறான். திருடன் என்றைக்கும் திருடன்தான் என்று நம்பி வாழ்ந்தவருக்கு ஒரு திருடன் உயிர்ப் பிச்சை போட்டுவிட்டான். அவருடைய கணக்கும் தப்பாகிவிடுகிறது. அவரும் தனியாக நின்று தன்னையே திட்டுகிறார், கத்துகிறார், குழம்புகிறார். வால்ழான் பாடிய அதே மெட்டில்.

இருவருக்கும் விழுந்தது ஒரே அடி என்று எந்தப் பாத்திரமும் சொல்லவில்லை. காதுக்கு அது தானாகத் தெரிந்துவிடுகிறது. இன்னும் உன்னித்துக் கேட்டால் வரிகளும் சில இடங்களில் அப்படியே ஒட்டிப்போவது தெரியும். முடிகிற இடத்தில் இருவருமே வால்ழானின் உலகத்திலிருந்து தப்பித்துப் போகிறேன் என்கிறார்கள். வால்ழான் சொல்லும்போது அந்தப் பெயரோடு இருந்த பழைய ஆளை விட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். ழாவேர் சொல்லும்போது, இப்படி ஒருவன் இருக்க முடிகிற உலகத்தில் என்னால் இருக்க முடியாது என்று அர்த்தம். முதல் ஆள் தன் விடுதலைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது வாழ்க்கைக்குப் போகிறான். இரண்டாவது ஆள் சேன் ஆற்றில் குதிக்கிறார். இரண்டு பாட்டும் முடிவது உச்ச ஸ்தாயியில்.

நாவலில் ழாவேரின் இந்தக் கடைசி இரவுக்கு ஹ்யூகோ வைத்த தலைப்பின் பொருள் 'தடம் புரண்ட ழாவேர்'. ரயில் அப்போது புது விஷயம். நேர்க்கோட்டில் மட்டுமே ஓடத் தெரிந்த மனிதர் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டார் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். அருமையான எழுத்துதான். ஆனால் அதைப் படிக்கும்போது எனக்கு வால்ழானின் பழைய இரவு நினைவுக்கு வரவில்லை. நடுவில் எண்ணூறு, ஆயிரம் பக்கம் ஓடியிருந்தது. மெட்டு ஒரு நொடியில் அங்கே கொண்டுபோய் விட்டது. இந்த ஓர் இடத்தில் நாடகம் நாவலை முந்திவிட்டது என்பது என் கட்சி. ஹ்யூகோ ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

ஒரு மெட்டு வேறு வார்த்தைகளோடு, வேறு சூழலில் திரும்பி வருவதை மேடை மொழியில் ரிப்ரைஸ் என்பார்கள். 'லே மிஸ்' முழுக்க இப்படித்தான் நெய்யப்பட்டிருக்கிறது. இன்னொன்று காட்டுகிறேன். பாதிரியார் பசியோடு வந்த வால்ழானை உள்ளே அழைத்து, ரொட்டியும் மதுவும் இருக்கிற மேசையில் உட்காரவைக்கிறார். மென்மையான சின்ன மெட்டு, வந்த வேகத்தில் போய்விடும். தடுப்பரண் சரிந்து தோழர்கள் எல்லாரும் செத்தபின், உயிர் தப்பிய மாரியுஸ் (கோசெத்தைக் காதலிக்கிற கிளர்ச்சி மாணவன்) அவர்கள் கூடிக் குடித்துப் பேசிய உணவுவிடுதியில் தனியாக உட்கார்ந்து பாடும் 'எம்ட்டி சேர்ஸ் அட் எம்ட்டி டேபிள்ஸ்' அதே மெட்டுதான். ஒன்றில் மேசைக்கு ஓர் ஆளை அழைக்கிறார்கள், இன்னொன்றில் மேசை மட்டும் மிச்சம். இது எனக்கு ஏழெட்டு முறை கேட்டபிறகுதான் பிடிபட்டது.

ஃபான்தீன் சாகும் நேரத்தில், அருகில் இல்லாத மகளிடம் பேசிக்கொண்டே போகிறாள். பிற்பாடு எப்போனின் என்ற பெண், தன்னைக் காதலிக்காத மாரியுஸ் பக்கத்தில் நடந்து வருவதாக நினைத்துக்கொண்டு மழைத் தெருவில் தனியே பாடுகிறாள். 'ஆன் மை ஓன்' என்ற அந்தப் பாட்டு உலகப் புகழ் பெற்றது. பாட்டுப் போட்டி மேடைகளில் பாடித் தேய்த்துவிட்டார்கள். இரண்டும் ஒரே மெட்டு. இரண்டு பேருமே இல்லாத ஆளோடு பேசுகிறவர்கள். கடைசிக் காட்சியில் வால்ழான் சாகும்போது, அவனை அழைத்துப்போக ஃபான்தீன் அதே மெட்டோடு வருகிறாள், எப்போனினும் சேர்ந்துகொள்கிறாள். இப்போது இல்லாதவர்கள் இருப்பவனோடு பேசுகிறார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்கிற இடம் அது. ஒவ்வொரு முறையும்.

இந்த மெட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. நாடகம் முதலில் பிரெஞ்சில் பிறந்தது. லண்டனில் 'ஆலிவர்' மியூசிக்கல் பார்த்துக்கொண்டிருந்த அலென் பூப்ளில் என்ற பாடலாசிரியருக்கு, மேடையில் ஓடித் திரிந்த குட்டித் திருடனைப் பார்த்ததும் ஹ்யூகோவின் தெருப்பையன் கவ்ரோஷ் ஞாபகம் வந்ததாம். அப்புறம் இசையமைப்பாளர் க்ளோத்-மிஷேல் ஷோன்பெர்க்கோடு சேர்ந்து உட்கார்ந்தார். 1980இல் இசைத்தட்டு வந்தது, அந்தச் செப்டம்பரிலேயே பாரிஸின் விளையாட்டரங்கம் ஒன்றில் நாடகமும் அரங்கேறியது. அந்த வடிவத்தில் 'ஆன் மை ஓன்' மெட்டு எப்போனினுடையது அல்ல. ஃபான்தீன் தன் துயரத்தைச் சொல்லிப் பாடியது. லண்டனுக்கு வரும்போதுதான் கை மாறியது.

லண்டன் வடிவம் 1985 அக்டோபர் 8 அன்று பார்பிகன் அரங்கில் தொடங்கியது. தயாரிப்பாளர் கேமரன் மெக்கின்டாஷ், இயக்கம் ட்ரெவர் நன், ஜான் கேர்ட், கூட்டாளி ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி. ஆங்கில வரிகளை எழுதிய ஹெர்பர்ட் க்ரெட்ஸ்மர் அப்போது ஒரு பத்திரிகையில் டிவி விமர்சகர். நம்மூரில் மெட்டுக்குப் பாட்டு எழுதுவார்களே, அதே வேலைதான் அவருக்கும்: மெட்டு தயாராக இருக்கிறது, அசையை எண்ணி வார்த்தை வைக்க வேண்டும். அதோடு புதுப் பாட்டுகளும் வேண்டியிருந்தன. ழாவேர் நட்சத்திரங்களைப் பார்த்துச் சபதம் செய்யும் 'ஸ்டார்ஸ்' லண்டனுக்காகச் சேர்ந்தது. முதல் விமர்சனங்கள் பெரும்பாலும் கிழித்துத் தொங்கவிட்டன. டிக்கெட் மட்டும் விற்றுக்கொண்டே இருந்தது. அரங்கு மாறி, தயாரிப்பு மாறி, கோவிட் காலத்தில் நின்று, இன்னும் லண்டனில் ஓடுகிறது.

பாரிஸிலிருந்து லண்டனுக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சுவாரசியமான மாற்றம் வேறு. 1980 நாடகத்தில் பாதிரியார் காட்சியே கிடையாது! கதை நேராகத் தொழிற்சாலையிலிருந்துதான் தொடங்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கு வால்ழான் யார், மெழுகுவர்த்தித் தண்டு என்ன என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும். ராமாயண நாடகத்தில் ராமன் யாருடைய பிள்ளை என்று யாரும் சொல்லிக்கொண்டிருப்பதில்லையே, அந்த மாதிரி. லண்டன்காரர்களுக்கு அப்படித் தெரியாது என்பதால் முன்காட்சி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்கள். நான் பஸ்ஸில் தேடிக் கண்டுபிடித்த அந்த முதல் மெட்டு, பார்வையாளர்களுக்குக் கதை தெரியாது என்ற ஒரே காரணத்தால் அந்த இடத்துக்கு வந்தது.

நாடகம் நாவலுக்குத் துரோகம் செய்கிற இடங்களும் உண்டு. பெரிய துரோகம், எல்லாருக்கும் பிடித்த பாட்டிலேயே இருக்கிறது. தடுப்பரணில் இரவு. மாரியுஸ் தூங்குகிறான். வால்ழான் அவனைப் பார்த்து, இவனைப் பத்திரமாக வீட்டுக்கு அனுப்பு, வேண்டுமானால் என்னை எடுத்துக்கொள் என்று கடவுளிடம் வேண்டுகிறான். 'ப்ரிங் ஹிம் ஹோம்'. முதல் லண்டன் வால்ழானான கோம் வில்கின்சனின் குரலை மனதில் வைத்து, ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தபோது எழுதியது. உச்சத்தில் போய், கத்தாமல் மெல்லிசாக நிற்க வேண்டும். பாடகர்களுக்கு அது சோதனை.

நாவலில் இப்படி ஒரு வேண்டுதல் கிடையாது. கோசெத் எழுதிய காதல் கடிதத்தின் மை ஒற்றுத்தாளில் தலைகீழாகப் பதிந்திருக்கிறது. அந்தத் தாள் கண்ணாடிக்கு எதிரே கிடக்க, வால்ழான் கண்ணாடியில் அதைப் படித்துவிடுகிறான். தான் வளர்த்த பெண்ணை யாரோ ஒருவன் பறித்துக்கொண்டு போகப்போகிறான் என்று தெரிந்ததும் அவனுக்கு வருவது வெறுப்பு. பச்சை வெறுப்பு. தடுப்பரணுக்கு அவன் எதற்காகப் போகிறான், காப்பாற்றவா, சாவதைப் பார்க்கவா என்பதை ஹ்யூகோ நமக்குத் தெளிவாகச் சொல்வதில்லை. அப்படிப்பட்டவன் கடைசியில் மாரியுஸைத் தோளில் சுமந்து சாக்கடை வழியே நடக்கிறான். நாடகத்தின் வால்ழான் நல்லவன். நாவலின் வால்ழான் நல்லவனாக இருக்கப் படாத பாடு படுகிறவன். பாட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ஒற்றுத்தாளை விட்டுவிட்டதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

அதற்குப் பதிலாக, முதல் பாதி முடிவில் வருகிற 'ஒன் டே மோர்' பாட்டில் நாடகம் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. விடிந்தால் கிளர்ச்சி. வால்ழான் ஊரை விட்டு ஓடப் பார்க்கிறான். மாரியுஸும் கோசெத்தும் பிரிகிறார்கள். எப்போனின் ஓரமாக நின்று வேகிறாள். ழாவேர் உளவுக்குத் தயாராகிறார். மாணவர்கள் கொடி பிடிக்கிறார்கள். தெனார்தியே தம்பதி யார் செத்தாலும் நமக்கு லாபம் என்று காத்திருக்கிறார்கள். நாவலில் ஒருவர் பின் ஒருவராகத்தான் சொல்ல முடியும். மேடையில் இத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள், பலர் ஏற்கெனவே நாம் கேட்ட மெட்டுகளோடு. காதலர்கள் பிரிவைப் பாடுவது, செத்துப்போன ஃபான்தீனின் 'ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்' பாட்டின் நடுப்பகுதி மெட்டில்! மகள் அம்மாவின் மெட்டைப் பாடுகிறாள். அம்மாவின் முகம்கூட அவளுக்குச் சரியாக ஞாபகம் இருக்காது. ஹ்யூகோ எழுதிய நாடகம் ஒன்றை வைத்து இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி 'ரிகொலெட்டோ' ஆப்பரா செய்தார். அதில் நான்கு பேர் ஒரே சமயத்தில் நான்கு மனநிலையைப் பாடுகிற இடத்தைக் கேட்டுவிட்டு, என் பாத்திரங்களையும் இப்படி ஒரே நேரத்தில் பேசவைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஹ்யூகோ ஏங்கியதாக ஒரு கதை சொல்வார்கள்.

நமக்கும் இந்தக் கதையோடு பழைய உறவு உண்டு. சுத்தானந்த பாரதியார் இந்த நாவலை 'ஏழை படும் பாடு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். 1950இல் அது ராம்நாத் இயக்கத்தில், நாகையா நடித்துப் படமாகவும் வந்தது. அதில் அந்தப் போலீஸ் அதிகாரி வேடம் போட்டவர் சீதாராமன். ழாவேர் தமிழில் ஜாவர் ஆகி, அவர் பெயரோடு கடைசி வரை ஒட்டிக்கொண்டது. ஜாவர் சீதாராமன் என்ற பெயரில் வருகிற ஜாவர் யார் என்று ரொம்ப நாள் எனக்கும் தெரியாது. அவருடைய சொந்த ஊர் என்று நினைத்திருந்தேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், இந்த மியூசிக்கலை வைத்து வந்த 2012 படத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்பேன். அதில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள். முகத்துக்கு அது நல்லது; அழுகையும் மூச்சும் அப்படியே வந்துவிடும். ஆனால் மெட்டு அங்கங்கே உடைந்துபோகும், முதல் முறை கேட்கிறவருக்கு எந்த மெட்டு எதோடு சேர்கிறது என்று பிடிபடாது. லண்டனில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1995இல் நடந்த பத்தாம் ஆண்டுக் கச்சேரியில் தொடங்குங்கள். எல்லாரும் மைக் முன்னால் நின்றுதான் பாடுகிறார்கள், காட்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதனாலேயே காது வேலை செய்யும். முடிவில் பல நாடுகளிலிருந்து வந்த 17 வால்ழான்கள் வரிசையாக வந்து அவரவர் மொழியில் ஆளுக்கு ஒரு வரி பாடுவார்கள், அது தனி வேடிக்கை. ஒரு முறை முழுதாகக் கேட்டுவிட்டு, அப்புறம் வால்ழான் தனியாகப் பாடுவதையும் ழாவேரின் கடைசிப் பாட்டையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள்.

மேடையில் அந்த இரண்டாவது பாட்டை எப்படி முடித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லண்டனின் முதல் தயாரிப்பில் சுழலும் மேடை ஒன்று இருந்தது. ஜான் நேப்பியர் வடிவமைத்தது. ழாவேர் பாலத்தின் கைப்பிடி அருகே நின்று அந்த உச்சத்தைப் பிடிக்கிறார். ஆள் விழுவதில்லை. நின்ற இடத்திலேயே நின்று கையைக் காலை உதறுகிறார். அவருக்குப் பின்னால் இருந்த பாலம் மெல்ல மேலே ஏறிப் போய்விடுகிறது.